ஊரைக் கேட்காத அபிவிருத்தி

ஓர் ஊரில் சுரங்கம் வெட்டவோ, துறைமுகம் கட்டவோ, அனல் மின் நிலையம் எழுப்பவோ ஒரு கம்பெனியோ சர்க்காரோ உத்தேசிக்கும்போது, அவ்வூர் ஜனங்களை முன்கூட்டிக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? இக்கேள்வியை நமது தேசத்தின் எந்த மூலையிலுள்ள குடியானவனிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். ஆனால் டில்லியிலுள்ள நமது சர்க்கார் இதற்கு அளிக்கும் பதில் வருஷத்துக்கு வருஷம் மாறிவருகிறது. கேட்பது விதி, கேளாதிருப்பது விலக்கு என்று தொடங்கிய ஏற்பாட்டில், விதி தேய்ந்து விலக்கு வளர்ந்து வருவதையே நாம் காண்கிறோம். 2025-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா பிறப்பித்த ஒரு குறிப்பாணை இவ்வழியில் மிகப் பெரிய அடியாகும். அணுசக்திக் கனிமங்கள், முக்கிய கனிமங்கள், கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த கனிமங்கள் என்று சுரங்கச் சட்டத்தின் அட்டவணையில் குறிக்கப்பட்டவற்றை வெட்டியெடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டிய அவசியமில்லை என்று அக்குறிப்பாணை கூறிவிட்டது. தேசப் பாதுகாப்பே இதற்குக் கூறப்பட்ட காரணம்.

இவ்விஷயத்தை ஆத்திரத்தோடு அணுகுவதில் பயனில்லை. சட்டம் என்ன கூறுகிறது, எங்கே வலுவுள்ளது, எங்கே ஓட்டையுள்ளது என்பதைத் தேச ஊழியர்கள் ஒவ்வொருவரும் ஐயமற அறிந்துகொள்வதே முதற்காரியம். ஆகவே அதனை முதலில் விளக்குவோம்.

1984-ம் வருஷம் டிசம்பரில் போபால் நகரத்து விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட பிறகே, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் 1994-ம் வருஷம் ஜனவரி 27-ல் வெளியான அறிவிக்கை, பெரிய திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று விதித்தது. அதில் ஜனங்களின் குரலுக்குக் கட்டாயமான இடம் இருக்கவில்லை. 1997-ம் வருஷம் ஏப்ரல் 10-ல் செய்யப்பட்ட திருத்தத்தினால்தான் பகிரங்கக் கருத்துக் கேட்பு கட்டாயமாயிற்று. பின்னர் 2006-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி வெளியான அறிவிக்கை, பழையதை நீக்கி அதனிடத்தில் அமர்ந்தது. பிற்பாடு எத்தனையோ திருத்தங்கள் செய்யப்பட்டபோதிலும், நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு மூல ஆதாரம் அதுவே.

2006-ம் வருஷத்து அறிவிக்கையின்படி அனுமதிக்குச் செல்லும் பாதையில் நான்கு படிகள் உண்டு. திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தரம் பிரித்தல் முதற்படி. எவற்றை ஆராய வேண்டும் என்று வரையறுத்தல் இரண்டாவது. ஜனங்களின் கருத்தைக் கேட்டல் மூன்றாவது. நிபுணர் குழு பரிசீலித்து அனுமதிக்கலாமா கூடாதா என்று சிபாரிசு செய்தல் நான்காவது. இவற்றுள் ஜனங்கள் கண்ணால் காணக்கூடியது மூன்றாவது படி ஒன்றே. மற்ற மூன்றும் காகிதங்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் இடையே நடைபெறுவன.

அந்த மூன்றாவது படிக்குச் சட்டம் வகுத்துள்ள முறையைப் பாருங்கள். திட்டக்காரர் தமது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் நகலை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் தருதல் வேண்டும். அதனுடன் ஆங்கிலத்திலும் அந்த ராஜ்யத்தின் பாஷையிலும் எழுதிய சுருக்கத்தையும் தருதல் வேண்டும். அறிக்கை கலெக்டர் ஆபீஸிலும் உள்ளூர் ஸ்தாபனங்களின் ஆபீஸ்களிலும் ஜனங்கள் பார்வையிடுவதற்கு வைக்கப்பட வேண்டும். கூட்டத்தின் தேதி, நேரம், இடம் ஆகியவற்றைத் தேசியப் பத்திரிகை ஒன்றிலும், பிரதேச பாஷைப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் செய்தல் வேண்டும். விளம்பரத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் இருக்க வேண்டும். பத்திரிகை எட்டாத ஊர்களில் தமுக்கடித்தும், வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் அறிவிக்க வேண்டும். கூட்டம் திட்டம் அமையும் இடத்திலேயே அல்லது அதற்கு மிக அருகில், மாவட்டந்தோறும் நடைபெற வேண்டும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். நடவடிக்கைகள் முழுவதும் வீடியோப் படம் பிடிக்கப்பட வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கவும் விளக்கம் பெறவும் சந்தர்ப்பம் தர வேண்டும். முடிவில், கூறப்பட்ட கருத்துக்களின் சாராம்சத்தைக் கூட்டத்தார் முன்பாக அவர்களது பாஷையில் படித்துக் காட்டி விளக்கிய பின்னரே, அன்றைய தினமே தலைவர் கையெழுத்திட வேண்டும்.

இதை வாசிக்கும் எவரும் ஒரு கணம் மகிழ்ச்சியடைவர். இன்னும் ஒரு விசேஷமும் உண்டு. அன்னிய ஆட்சியின் காலத்தில், 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தில் 1923-ல் 5-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நிலத்தில் பாத்தியதையுள்ளவர் 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், நேரிலோ வக்கீல் மூலமாகவோ கலெக்டர் முன் வாதிக்கலாம் என்பது அதன் சாரம். அவ்வுரிமை நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்கு மட்டுமே கிட்டியது. குத்தகையும் கூலியுமாய்ப் பிழைப்பவனுக்கும், கடலில் வலை வீசுபவனுக்கும், அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதன்றி வேறு பாத்தியதை ஒன்றுமில்லாதவனுக்கும் அதில் இடமில்லை. 2006-ம் வருஷத்து ஏற்பாடோ, பட்டா இருக்கிறதா என்று கேட்பதில்லை. அவ்விடத்தில் வாழ்பவன் என்ற ஒன்றே பேசுவதற்குப் போதுமான தகுதி. இது உண்மையில் ஒரு முன்னேற்றமே. அதனை நாம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பழைய சட்டத்தின் சரித்திரத்தில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. அதே சட்டத்தின் 17-வது பிரிவு, அவசரம் என்று சர்க்கார் கருதினால் 5-ஏ விசாரணையை விட்டுவிடலாம் என்று கூறிற்று. தீக்கும் வெள்ளத்துக்கும் வைத்த அந்த வாசல், பின்னாட்களில் எத்தனையோ சாதாரண ஆர்ஜிதங்களுக்கும் ராஜபாட்டையாயிற்று என்பதை நியாயஸ்தலங்களில் வழக்காடிய ஒவ்வொருவரும் அறிவர். விதிவிலக்கு என்பது அவ்வளவு எளிதில் விதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும் தன்மையது. 2006-ம் வருஷத்து அறிவிக்கையிலும் அத்தகைய வாசல்கள் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தன.

முதல் வாசல், தரம் பிரித்தல். 'பி-2' என்னும் வகையில் ஒரு திட்டம் சேர்க்கப்பட்டுவிட்டால் அதற்குத் தாக்க அறிக்கையும் வேண்டாம், கருத்துக் கேட்பும் வேண்டாம். ஆகையால் ஜனங்களின் வாயை அடைக்க யாரும் தடையுத்தரவு போட வேண்டியதில்லை. அட்டவணையில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். 2020-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி நடந்தது இதுவே. நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைத் துளையிட்டுத் தேடும் வேலை, மேல் வகையிலிருந்து 'பி-2' வகைக்கு இறக்கப்பட்டது. காவிரிப் படுகையின் விவசாயிகள் அதுவரை தங்களுக்குச் சட்டப்படி இருந்த பேச்சுரிமையை அன்று ஒரே நாளில் இழந்தனர். அதன்பின் எழுந்த கிளர்ச்சியினால் அன்றோ, அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்ற நேரிட்டது!

இரண்டாவது வாசல், தேசப் பாதுகாப்பும் கேந்திர முக்கியத்துவமும். மத்திய சர்க்கார் எதனை அவ்வாறு கருதுகிறதோ அதற்குக் கருத்துக் கேட்பு இல்லை. போர்த்தளவாடக் கிடங்கின் வரைபடத்தைச் சந்தியில் விரித்துக் காட்ட வேண்டும் என்று யாரும் கூறமாட்டார்கள். ஆயினும் சுரங்கம் என்பது ராணுவ இரகசியமா? அது எத்தனை ஏக்கர், எவ்வளவு ஆழம், நிலத்தடி நீர் எவ்வளவு இறைக்கப்படும், தோண்டிய மண் எங்கே கொட்டப்படும் என்பவை எதிரி நாட்டுக்கு உதவும் செய்திகளா? அவ்வூர்ப் பெண்கள் எங்கே தண்ணீர் எடுப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதால் தேசத்தின் அரண் எவ்வாறு இடிந்துவிடும்? கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் கிடக்கிறது. அணுக்கனிமம் என்ற பட்டியலில் அது இருப்பதால், கிள்ளியூர் வட்டாரத்தில் சுரங்கம் வருமானால் அக்கரையில் குடியிருக்கும் மீனவர்கள் 2025-ம் வருஷத்துக் குறிப்பாணையின்படி வாய் திறக்க இடமில்லாமற் போகும். கதிரியக்கமுள்ள மணலின் பக்கத்தில் குடியிருப்பவனுக்குத்தான் அதனைப் பற்றிக் கேட்கும் உரிமை முதலில் இருக்க வேண்டும். அவனுக்கே அது முதலில் மறுக்கப்படுகிறது!

மூன்றாவது வாசல் இன்னும் விசித்திரமானது. உள்ளூர் நிலைமையினால் ஜனங்கள் சுதந்திரமாகக் கருத்துக் கூறும் வகையில் கூட்டம் நடத்த இயலாது என்று கருதினால், கூட்டத்தையே விட்டுவிடலாம் என்றும் அறிவிக்கை கூறுகிறது. அதாவது, ஆட்சேபம் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக ஆட்சேபத்தைக் கேளாமல் இருந்துவிடலாம். சுதந்திரமாகப் பேச முடியாத நிலைமையை மாற்றுவது அல்லவா சர்க்காரின் கடமை?

வாசல்கள் இருக்கட்டும். கூட்டம் நடைபெறும் இடங்களிலேனும் நிலைமை திருப்தியாக உள்ளதா? பாஷையை முதலில் எடுத்துக்கொள்வோம். ராஜ்யத்தின் பாஷையில் தரப்படுவது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மூல அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. தண்ணீர்க் கணக்கும், காற்றின் திசையும், பறிபோகும் நிலங்களின் விவரமும் மூலத்திலேயே இருக்கும். சுருக்கத்தில் நன்மைகளுக்குக் குறைவிராது. மேலும் அவ்வறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் திட்டக்காரரேயாவார். பிரதிவாதியின் செலவில் எழுதப்பட்ட கமிஷனர் ரிப்போர்ட்டை வாதி அறியாத பாஷையில் கொடுத்து, 30 நாட்களில் பதில் சொல் என்றால், எந்த முன்சீப் கோர்ட்டாவது அதனை நியாயம் என்று ஒப்புக்கொள்ளுமா?

2020-ம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவம் இவ்விஷயத்தில் சர்க்காரின் மனோபாவத்தை நன்கு விளக்கும். 2006-ம் வருஷத்து அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய நகல் ஒன்றை மத்திய சர்க்கார் வெளியிட்டு, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. கொள்ளை நோயினால் தேசமே கதவடைத்துக் கிடந்த நாட்கள் அவை. நகலோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் அதனை மொழிபெயர்த்துப் பத்து நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்று டில்லி ஹைகோர்ட்டு ஜூன் 30-ந் தேதி உத்தரவிட்டது. மத்திய சர்க்கார் மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, அவ்வுத்தரவை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது! ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்கிறோம் என்று கூறும் சர்க்கார், அவர்களது பாஷையில் கேட்கச் சொன்னவுடன் வழக்காடப் புறப்பட்டதை என்னவென்று சொல்வது? அந்த நகல் 30 நாள் அவகாசத்தை 20 நாட்களாகக் குறைக்கவும் யோசனை செய்திருந்தது என்பதையும் நேயர்கள் மறக்கலாகாது.

இரண்டாவதாக, கூட்டத்திற்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. குறைந்தபட்ச எண்ணிக்கை தேவையில்லை என்று அறிவிக்கையே வெளிப்படையாகக் கூறுகிறது. பஞ்சாயத்துத் தீர்மானத்திற்கு வேண்டும் 'கோரம்', ஓர் ஊரின் தலைவிதியை நிர்ணயிக்கும் கூட்டத்திற்கு வேண்டாமாம். எவருமே வராத கூட்டமும் சட்டப்படி நடந்தேறிய கூட்டமே. ஆகையால் அறிவிப்பு ஜனங்களை எட்டவில்லை என்பதனால் நஷ்டமடைபவர்கள் ஜனங்கள் மட்டுமே. திட்டக்காரருக்கு அதனால் யாதொரு இடையூறும் இல்லை.

மூன்றாவதாக, கூட்டம் நடக்கும் விதம். சத்தீஸ்கர் ராஜ்யத்து ராய்கட் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிற்காக 2008-ம் வருஷம் ஜனவரியில் கூட்டம் கூட்டப்பட்டது. அக்கூட்டத்தில் போலீஸார் தடியடி நடத்தினர். அதன்மேல் சுரங்கத்துக்கு அனுமதியும் வழங்கப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2012-ம் வருஷம் ஏப்ரலில், அக்கூட்டம் முறைப்படி நடந்த கூட்டமே அல்ல என்று கண்டு அனுமதியை ரத்து செய்தது. நான்கு வருஷம் கழித்தேனும் நியாயம் கிடைத்தது. ஆனால் எல்லா ஊருக்கும் நான்கு வருஷம் வழக்காடும் சக்தி இருக்குமா?

நான்காவதும் மிகப் பிரதானமானதும் யாதெனில், கேட்ட பின் என்ன செய்கிறார்கள் என்பதே. கருத்துக் கேட்புக் கூட்டம் வோட்டெடுப்பு அன்று. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் சர்க்கார் அனுமதி தரலாம். ஆயினும் கூறப்பட்ட ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்தாக வேண்டும். ஏற்காவிடில் ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் காரணம் கூறியாக வேண்டும். கோவாவின் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் டில்லி ஹைகோர்ட்டு 2009-ம் வருஷம் நவம்பரில் அளித்த தீர்ப்பு இதனை ஸ்திரப்படுத்தியிருக்கிறது. அறிக்கையின் சுருக்கம் கூட்டத்துக்கு 30 நாட்கள் முன்னதாகவே ஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஓர் அம்சம். மறுதரப்பையும் கேள் என்பது நியாய சாஸ்திரத்தின் முதல் வாக்கியம். கேட்டதற்கு அடையாளம், காரணத்தோடு கூடிய பதில்தான். பதிலில்லாத கேள்வியும், காது கேளாதவன் முன் வாசித்த வீணையும் ஒன்றே.

இவையெல்லாம் போக, வேலை முடிந்த பிறகு அனுமதி வாங்கும் வழக்கமும் ஒன்று கிளம்பியிருக்கிறது. முன் அனுமதியின்றிக் கட்டியவர்களுக்குப் பின் அனுமதி தரும் 2017-ம் வருஷத்து அறிவிக்கையையும் 2021-ம் வருஷத்துக் குறிப்பாணையையும் சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் வருஷம் மே 16-ல் ரத்து செய்தது. ஆனால் அதே வருஷம் நவம்பர் 18-ல், மூன்று நீதிபதிகளில் இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, முந்திய தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. கட்டி முடிந்த பெரும் முதலீடுகளை இடிப்பது தேசத்திற்கு நஷ்டம் என்ற வாதத்திற்கு ஓரளவு கனம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புகைபோக்கி எழுந்து, ஆற்றில் கழிவும் கலந்த பிறகு, 'உங்கள் கருத்து என்ன?' என்று ஊராரைக் கேட்பது, தாலி கட்டிய பிறகு பெண்ணின் சம்மதம் கேட்பது போன்றதன்றோ?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக் கூறுவது நமது கடமை. இக்கூட்டங்களினால் தேசத்தின் அபிவிருத்தி தாமதமாகிறது என்கிறார்கள். மின்சார வாகனங்களுக்கும், மின்கலங்களுக்கும், போர்க்கருவிகளுக்கும் வேண்டிய அருங்கனிமங்களுக்காக அன்னிய நாடுகளை, முக்கியமாகச் சீனாவை, எதிர்பார்த்து நிற்பது அபாயம் என்கிறார்கள். கூட்டங்களில் வெளியூர்க்காரர்கள் புகுந்து கலகம் செய்கிறார்கள் என்றும், நஷ்ட ஈட்டை உயர்த்திக்கொள்வதற்காகவே சிலர் எதிர்க்கிறார்கள் என்றும் கூறுகிறார்கள். இவற்றுள் சிலவற்றில் உண்மை இல்லாமலில்லை. தேசம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதில் நம்மைவிட ஆவலுள்ளவர் யார்?

ஆனால் தாமதத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மாசு கட்டுப்பாட்டு வாரியம், மனு பெற்ற 45 நாட்களுக்குள் கருத்துக் கேட்பை முடித்துவிட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. முடிக்காவிட்டால் அவ்வேலையை வேறொரு சர்க்கார் ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கவும் இடம் தருகிறது. முப்பது, நாற்பது வருஷம் நடைபெறப்போகும் ஒரு சுரங்கத்தின் ஆயுளில் 45 நாட்கள் பெரிய தாமதமா? உண்மையில் தாமதம் எங்கிருந்து வருகிறது? குறைபாடுள்ள அறிக்கையினின்றும், ஜனங்களிடம் மறைத்த செய்தியினின்றும், அவற்றினால் விளையும் வழக்குகளினின்றுமே வருகிறது. முன்வாசலில் ஒன்றரை மாதம் மிச்சப்படுத்திக் கோர்ட்டு வாசலில் பல வருஷங்களை இழப்பது எந்தச் சிக்கனத்தைச் சேர்ந்தது? வெளியூர்க்காரர் கலகம் செய்தால் அதனை அடக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. நஷ்ட ஈடு போதாது என்பதும் நியாயமான ஆட்சேபமே. நிலத்தை இழப்பவன் விலை கேட்பது எப்போது குற்றமாயிற்று?

ஊரை உண்மையாகவே கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நமது தேசத்திலேயே உதாரணம் உண்டு. ஒடிஷாவின் நியம்கிரி மலையில் பாக்ஸைட் வெட்டும் திட்டத்தைப் பற்றி, அம்மலை மக்களின் கிராம சபைகளே தங்கள் உரிமைகளைக் குறித்து ஆராய்ந்து கூற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ம் வருஷம் ஏப்ரல் 18-ல் உத்தரவிட்டது. வனவுரிமைச் சட்டத்தின்கீழ் நடந்த அச்சபைகளில், மாவட்ட நீதிபதி அந்தஸ்துள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வருஷம் ராயகடா, காளஹந்தி மாவட்டங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014-ம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதியை மறுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிகள் தேசத்தின் நன்மை தீமையை எவ்வாறு அறிவர் என்று ஏளனம் செய்தவர்களுக்கு அந்த டோங்ரியா கோண்டுகள் தக்க பதில் அளித்தனர். அங்கே கூட்டம் அவர்களது ஊரிலேயே நடந்தது. அவர்களது பாஷையிலே பேச்சு நடந்தது. போலீஸ் தடிக்குப் பதிலாக நீதிபதியின் கண் அங்கே இருந்தது. அவர்கள் கூறியதற்குப் பலனும் இருந்தது. அபிவிருத்தி அங்கேயும் நின்றுவிடவில்லை. தவறான இடத்திலிருந்து விலகிற்று, அவ்வளவே.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பவை அசாத்தியமானவையல்ல. முதலாவதாக, 2025-ம் வருஷத்துக் குறிப்பாணையைப் போல ஒரு வர்க்கம் முழுவதற்கும் விலக்களிப்பதை விடுத்து, விலக்கு வேண்டுமானால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே, எழுத்து மூலமான காரணத்தோடு வெளியிடட்டும். அக்காரணம் சரியா என்பதை நியாயஸ்தலம் பரிசீலிக்கட்டும். இரண்டாவதாக, சுருக்கத்தை மட்டுமன்றி, தண்ணீர், காற்று, நிலம், ஜனங்களின் ஜீவனம் ஆகியவற்றைப் பற்றிய அத்தியாயங்களையேனும் பிரதேச பாஷையில் முழுவதும் தரட்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பாதிப்புக் கிராமத்திலும் பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை, மீன் ஏலக்கூடம், கோவில், பள்ளிவாசல், மாதா கோவில் ஆகிய இடங்களில் அறிவிப்பை ஒட்டி, ஒட்டியதற்கு அத்தாட்சி பெறட்டும். நான்காவதாக, கூட்டத்திற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்கட்டும். அது நிறையாவிடில் மறுகூட்டம் நடத்தட்டும். ஐந்தாவதாக, ஒவ்வோர் ஆட்சேபத்திற்கும் நிபுணர் குழு அளித்த பதிலை அவ்வூர்ப் பாஷையில் அவ்வூரிலேயே வெளியிடட்டும்.

சர்க்காரை மட்டும் குறை கூறி நமது ஊழியர்கள் கையைக் கட்டி நிற்றல் தகாது. இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் இழந்த உரிமைக்கு அழுவதில் என்ன லாபம்? அறிவிப்பு வெளியானவுடன் கலெக்டர் ஆபீஸுக்குச் சென்று அறிக்கையைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் இல்லையென்பதை எழுத்து மூலம் அன்றே பதிவு செய்யுங்கள். முப்பது நாள் கணக்கில் ஒரு நாள் குறைந்தாலும் குறித்து வையுங்கள். கூட்டத்தில் கூச்சல் போட்டு மேஜையைக் கவிழ்ப்பவன், கூட்டத்தைக் கைவிடுவதற்குச் சர்க்காருக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறான். அதைவிட, எந்தக் கிணறு, எந்த வாய்க்கால், எத்தனை படகுகள் என்று பெயரும் எண்ணும் சொல்லி ஆட்சேபம் கூறுபவனே பலமுள்ளவன். வாயால் கூறியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நடவடிக்கையைப் படித்துக் காட்டாமல் கலெக்டரை எழுந்து செல்ல விடாதீர்கள். உங்கள் சொல் அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். அனுமதி வழங்கப்பட்டால் 30 நாட்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கெடு தப்பினால் மலை போன்ற நியாயமும் மண்ணாகிவிடும்.

சுயராஜ்யம் என்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வோட்டுப் பெட்டியின் முன் நிற்பதோடு முடிந்துவிடுமா? ஒரு குடியானவனுக்கு ராஜாங்கம் என்பது டில்லியிலோ சென்னையிலோ இல்லை. அவன் கிணற்றடியிலும், வயல் வரப்பிலும், படகுத்துறையிலும் இருக்கிறது. அவ்விடத்தை மாற்றப் போகும் ஒரு காரியத்தில், 'உன்னைக் கேட்டோம், உன் சொல்லைக் கேட்டோம், இன்ன காரணத்தால் ஏற்றோம், இன்ன காரணத்தால் ஏற்கவில்லை' என்று அவனிடம் கூறும் மரியாதையே சுயராஜ்யத்தின் உயிர்நிலை. அந்த மரியாதையை 30 நாள் நோட்டீஸாகவும் ஒரு பந்தலாகவும் நமது சட்டம் சுருக்கி வைத்திருக்கிறது. அந்தப் பந்தலையும் பிரிக்க முற்படுவோரை நாம் எதிர்த்தே தீர வேண்டும். தேசத்தின் பெயரால் தேசத்து ஜனங்களின் வாயை மூடுவது தேசபக்தியாகாது.